பால் செமிக்காத நாட்கள்

கரடியனாற்றிலிருந்து நாங்கள் வெளிக்கிட்டபோது என் மகளுக்கு இரண்டரை வயது. சுனாமி வந்து இரண்டு வருடம் கழிந்திருந்தது. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருந்த எங்களை அந்தக் கடல் தொடவில்லை. பீரங்கிச் செல்லடி தொட்டது. ஒரு காலையில் பக்கத்து வட்டையில், வெட்டுக்குக் காத்திருந்த நெல்லின் நடுவே, இரண்டு செல் விழுந்தன. அதற்குப் பிறகு ஊரில் எவரும் யோசிக்கவில்லை. என் வீட்டுக்காரர் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். நான் ஒரு பைக்குள் உடுப்பும் என் ஆசிரியர் நியமனக் கடிதமும் ஒரு போத்தல் தண்ணீரும் எடுத்துக்கொண்டேன். தண்ணீர் அன்று மத்தியானமே முடிந்துபோனது.

கிழக்குக் கரைக்கு வந்துசேர நான்கு நாள் பிடித்தது. இடையில் மரங்களுக்குக் கீழே தங்கினோம். வாய்க்கால் தண்ணீரைச் சீலையில் வடித்துக் குடித்தோம். இரண்டாம் நாளே மகளுக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. அவளுக்கு மட்டுமல்ல, அந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளைகள் எல்லாருக்கும். சளியும் இரத்தமும் கலந்து போனது. முகாமுக்கு வந்து மருந்து குடித்ததும் இரத்தம் நின்றது. பிள்ளை தேறிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

முகாம் என்பது ஒரு பாடசாலை மைதானம். சுனாமிக்கு வந்து மிஞ்சிய தறப்பாள்களால்தான் எங்களுக்கும் கூடாரம் கட்டித் தந்திருந்தார்கள். வந்த மறுநாளே இராணுவத்தினர் எல்லாரையும் படம் எடுத்துப் பதிந்தார்கள். ஆண்களை வரிசையில் நிறுத்தினார்கள். முகத்தை மூடிய ஒருவன் வாகனத்துக்குள் இருந்து தலையாட்ட, மூன்று பேரைக் கொண்டுபோனார்கள். மூடிய துணிக்குள் இருந்த கண் எங்கள் ஊர்க் கண்ணா, வேறு ஊர்க் கண்ணா என்பது எங்களுக்குத் தெரியாது. அன்றிலிருந்து யாரோடும் நிம்மதியாகக் கதைக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் தறப்பாளை விட்டு வெளியே வருவதே குறைந்துபோனது.

பிள்ளைகளுக்குப் பால் கொடுக்க ஒரு பெண் வந்தாள். இருபது வயதிருக்கும். கடற்கரையோரத்து ஊர். ஒரு நிறுவனம் பால்மா மூட்டைகளைக் கொடுத்து அவளை அனுப்பியிருந்தது. காலையில் ஒரு கிடாரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, பால்மாவைக் கரைத்து, சீனி போட்டு, பிள்ளைக்கு ஒரு தகரப் பேணி என்று ஊற்றுவாள். என் மகள் அதை மேல் உதட்டில் மீசை வைக்கும்படி குடிப்பாள். முதல் நாள் அதைப் பார்க்க எனக்கே வயிறு நிறைந்தது.

இரண்டாம் நாள் பின்னேரம் அவளுடைய வயிறு ஊதிப்போனது. தட்டினால் றபான் மேளத்தைத் தட்டினது போலச் சத்தம் கேட்டது. மறுநாள் காலையில் தண்ணீர் தண்ணீராகப் போனது. நுரைத்துப் புளித்த மணம் வந்தது. குண்டி சிவந்து, கழுவும்போது வீரிட்டு அழுதாள். அடுத்த தறப்பாளில் ஒரு அக்கா இருந்தார். கொக்கட்டிச்சோலைப் பக்கம், மூன்று பிள்ளைகள். அவர் எட்டிப் பார்த்துச் சொன்னார்.

"என்ட கடைசியானுக்கும் இதே மாதிரித்தான் டீச்சர் போகுது. பால் குடிச்சு ஒரு மணித்தியாலத்தில. நீங்க கவனிக்கல்லையா?"

"வழியில குடிச்ச தண்ணியா இருக்கும் அக்கா."

"அது நிண்டு எத்தின நாள்? இது பால் குடிச்ச புள்ளையளுக்குத்தான் போகுது. பால் குடிக்காத கைப்புள்ளையளுக்கு ஒண்டுமில்ல. நான் சும்மா சொல்லல்ல, தறப்பாள் தறப்பாளாப் போய்க் கேட்டுத்தான் சொல்றன்."

அவர் உண்மையிலேயே கேட்டிருந்தார். நானும் போய்க் கேட்டேன். தாய்ப்பால் மட்டும் குடித்த சிசுக்களுக்கு ஒன்றுமில்லை. பேணிப்பால் குடித்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் வயிற்றோட்டம். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். ஒன்பது வருடமாகப் பத்தாம் ஆண்டுக்கு மனிதனின் சமிபாட்டுத் தொகுதியைக் கரும்பலகையில் கீறி விளக்கியவள். ஒன்றைக் கொடுத்தால் நோய் வருகிறது, கொடுக்காவிட்டால் வரவில்லை என்றால் அதற்கு என்ன பொருள் என்று நானே பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன்.

அதற்குள் கதை பரவிவிட்டது. படுவான்கரைச் சனத்துக்கு இனிப் பிள்ளை பிறக்கக்கூடாது என்று மாவில் ஏதோ கலந்திருக்கிறார்கள் என்றார்கள். காலம் கடந்த மூட்டை, தேதியை அழித்துவிட்டுத் தருகிறார்கள் என்றார்கள். நான் எதையும் மறுக்கவில்லை. மூன்று ஆண்களை எங்கள் கண்ணுக்கு முன்னால் கொண்டுபோனவர்கள் பாலில் ஒன்றைக் கலக்கமாட்டார்கள் என்று எந்தத் துணிவில் சொல்வது?

ஆனாலும் சோதித்துப் பார்க்க நினைத்தேன். முகாமில் காயத்துக்குப் பூசும் அயடீன் இருந்தது. அக்கா ஒரு பிடி பால்மாவை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். ஒரு தட்டில் பால்மா, இன்னொரு தட்டில் அவித்த சோறு. சோற்றில் ஒரு துளி விட்டதும் கருநீலமானது. பால்மா மஞ்சளாகவே கிடந்தது.

"இதில மாப்பொருள் கலக்கல்ல அக்கா. கோதம்பை மா போட்டிருந்தா நீலமாகும்."

"நஞ்சு போட்டிருந்தா நீலமாகுமா?"

"ஆகாது."

"மறுகா என்னத்துக்கு டீச்சர் இந்தச் சோதனை?"

அடுத்த நாள் வெறும் வயிற்றில் நானே நான்கு பேணி குடித்தேன். வீட்டுக்காரருக்கும் மூன்று பேணி கொடுத்தேன். பத்து மணிக்கு என் வயிற்றுக்குள் குடுகுடு என்று உருளத் தொடங்கியது. பதினொரு மணிக்கு மலசலகூட வரிசையில் நின்றேன். அன்று மூன்று முறை போனேன். வீட்டுக்காரர் ஒரு ஏப்பம் விட்டுவிட்டுப் படுத்துவிட்டார்.

"உங்களுக்கு ஒண்டும் செய்யல்லையா?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இரிக்கு. நாளைக்கும் வாங்கித் தா."

அந்த நேரத்திலாவது நான் நின்று யோசித்திருக்க வேண்டும். ஒரே கிடாரத்துப் பால், இரண்டு உடம்பு, இரண்டு முடிவு. ஆனால் நான் யோசித்தது வேறு. அவருடைய பேணி கிடாரத்தின் மேற்பகுதியிலிருந்து வந்தது, என்னுடையது அடியிலிருந்து வந்தது, கலந்தது எதுவோ அது அடியில் தங்கியிருக்கிறது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். சந்தேகம் வந்த பிறகு கண்ணில் படுவதெல்லாம் அதற்குச் சாட்சியாகத்தான் வந்து நிற்கிறது.

மறுநாள் காலை பெண்கள் கிடாரத்தைச் சுற்றி நின்றார்கள். படித்தவள் என்று என்னை முன்னால் விட்டார்கள். நான் ஒரு பேணியை நிரப்பி அந்தப் பெண்ணிடம் நீட்டினேன்.

"தங்கச்சி, இத நீங்க குடிச்சுக் காட்டுங்க."

அவள் முதலில் சிரித்தாள். பிறகு எங்கள் முகங்களைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"ஏன் டீச்சர்?"

"குடிங்க."

"சுனாமி முகாமில ஆறு மாசமா இதத்தானே நாங்க குடிச்சம். எங்கட அம்மா போனாப்பிறகு என்ட தம்பிய இதக் கரைச்சுக் குடுத்துத்தான் வளத்தன்." சொல்லிவிட்டு ஒரே மூச்சில் குடித்தாள். பேணியைக் கவிழ்த்துக் காட்டினாள். எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிள்ளைகளும் பேணிகளோடு நின்றார்கள். அரை மணித்தியாலமாகியும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"அவளுக்கு மாத்து மருந்து குடுத்துத்தான் அனுப்பியிருப்பானுகள்" என்றார் அக்கா. சொன்னதோடு நிற்கவில்லை. கிடாரத்தின் காதைப் பிடித்துச் சரித்தார். பால் மண்ணில் ஓடி அந்தப் பெண்ணின் பாவாடை ஓரத்தை நனைத்தது. அவள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு வாசல் படலையைத் தாண்டிப் போனாள். நான் தடுக்கவில்லை.

பால் நின்றது. இரண்டு மூன்று நாளில் பிள்ளைகளின் வயிற்றோட்டமும் நின்றது. நாங்கள் வென்றுவிட்டோம் என்று நினைத்தோம். இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

ஆனால் மகளின் கை கால் சுள்ளி போல இருந்தன. சோறும் பருப்பும் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. வீட்டுக்காரர் பயத்தை விட்டு ஒரு நாள் சந்திக் கடைக்குப் போய், முத்திரை உடையாத பால்மாப் பேணி ஒன்று வாங்கி வந்தார். நானே திறந்தேன். நானே தண்ணீரைக் கொதிக்கவைத்தேன். என் கையால் கரைத்து, என் கையால் ஊட்டினேன். பின்னேரம் வயிறு றபானைப் போல ஊதியது. அடுத்த நாள் காலை ஐந்து முறை போய், கண் உள்ளே இறங்கிப் படுத்துவிட்டாள்.

அப்போதும் எனக்கு வந்த முதல் நினைப்பு, அந்தக் கடைக்காரர் நாங்கள் படுவான்கரை ஆட்கள் என்று தெரிந்துகொண்டு வேறு பேணியை எடுத்துக் கொடுத்திருக்கிறார் என்பதுதான். அதை வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மகளைத் தூக்கிக்கொண்டே சொன்னார்.

"நீ கதைக்கிறது உனக்கே விளங்குதா புள்ள? தட்டில இருந்த பேணிய நான்தான் எடுத்தன். வா, ஆசுபத்திரிக்குப் போவம்."

பட்டினத்து ஆஸ்பத்திரியில் எங்களுக்கு வாய்த்தவர் தெற்கிலிருந்து வந்த சிங்கள டொக்டர். என்னைவிட வயது குறைவு. தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துக் கதைத்தார். நான் அவரையும் நம்பவில்லை. "அம்மா என்ன வேலை?" என்று கேட்டபோது, "வீட்டிலதான்" என்று பொய் சொன்னேன். இயக்கத்தின் கையில் இருந்த மேற்குக் கரையில் படிப்பித்தவள் என்றால், யாரைப் படிப்பித்தாய், அவன் இப்போது எங்கே என்று கேள்வி நீளும்.

அவர் மகளுக்குச் சேலைன் ஏற்றினார். பிறகு கேட்டார்.

"பாலுக்கு முன்னம்? வயித்தால போனது?"

"போனது. வழியில. இரத்தமும் போனது."

"எத்தனை நாள்?"

"ஏழெட்டு நாள்."

தலையசைத்துவிட்டு, மகளின் மலத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு வார்ட்டின் மூலையில் இருந்த மேசைக்குப் போனார். அவர் என்ன செய்கிறார் என்று பார்க்க நானும் பின்னால் போனேன். ஒரு நீலத் தாளைத் தொட்டார், சிவந்தது. பிறகு சோதனைக் குழாயில் ஒரு நீலக் கரைசலை ஊற்றினார். என் வாய் என்னை மீறிப் பேசிவிட்டது.

"பெனடிக்ட் கரைசலா?"

அவர் திரும்பிப் பார்த்தார். "வீட்டில பெனடிக்ட் இருக்கா அம்மா?"

"நான் டீச்சர்" என்றேன். "சயன்ஸ்."

அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. குழாயை இடுக்கியில் பிடித்துச் சுடரில் காட்டினார். நீலம் பச்சையானது. பச்சை மஞ்சளானது. கடைசியில் செங்கட்டி நிறத்தில் படிந்தது. வெல்லத்துக்கு, அதாவது சர்க்கரைச் சத்துக்கு, அந்தச் சோதனையை நான் எத்தனை முறை வகுப்பில் செய்து காட்டியிருக்கிறேன். டொக்டரைச் சந்தேகிக்கலாம். அந்த நிறத்தை எப்படிச் சந்தேகிப்பது? என் பிள்ளை குடித்த பாலின் வெல்லம் உடைபடாமல், உறிஞ்சப்படாமல், குடித்தபடியே வெளியே வந்திருந்தது.

அவர் ஒரு தாளின் பின்பக்கத்தில் விரல் விரலாகச் சில கோடுகள் கீறினார். சிறுகுடலின் உட்சுவர். அந்த விரல்களுக்குத் தமிழில் என்ன சொல்வது என்று தேடினார். "சடைமுளை" என்றேன். பேனாவை வாங்கி ஒரு விரலுக்குள் மயிர்க்குழாய் வலையையும் நடுவே பாற்குழாயையும் நானே கீறினேன். கை பழக்கத்தில் ஓடியது. அவர் அந்த விரல்களின் நுனிகளைப் பேனாவால் அடித்துவிட்டார்.

"இது இப்ப இல்ல. வயித்தால போய், தேஞ்சு போச்சு. பால் சீனி உடைக்கிற நொதியம் இங்கதான், நுனியில. பால் கெட்ட பால் இல்ல டீச்சர். குடல் இன்னம் சுகமில்ல."

நான் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இது என் பாடம். சோறு வாயிலேயே உமிழ்நீர் பட்டு உடையத் தொடங்கும். இரைப்பையில் அமிலமும் பெப்சினும் புரதத்தைப் பிரிக்கும். பித்தம் கொழுப்பைச் சிறு துளிகளாக்கும். சதையி என்ற கணையத்திலிருந்து வரும் நீர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். அப்படி எல்லாம் நடந்த பிறகும் உணவு உடம்பைச் சேர்ந்ததாக ஆவதில்லை. குடல் என்பது வாயிலிருந்து குதம் வரை போகிற ஒரு குழாய். அதற்குள் கிடக்கிறவரை சோறு வெளியேதான் கிடக்கிறது. சடைமுளையின் மெல்லிய சுவரைத் தாண்டி இரத்தத்துக்குள் போனால்தான் அது பிள்ளையினுடையது. பால் வெல்லம் அப்படியே தாண்டாது. குளுக்கோசு, கலக்டோசு என்று இரண்டாக உடைய வேண்டும். உடையாவிட்டால் தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போய், அங்கே கிருமிகளிடம் புளிக்கும். வாயு, ஊதல், நுரை, எரியும் மலம். தாய்ப்பாலிலும் அதே வெல்லம்தான், ஆனால் அந்தச் சிசுக்கள் வாய்க்கால் தண்ணீரைக் குடிக்கவில்லை, அவர்களின் சடைமுளை தேயவில்லை. எல்லாம் நான் ஒன்பது வருடம் சொல்லிக்கொடுத்தது. கண்ணுக்கு முன்னால் நடந்தபோது எனக்கு நஞ்சுதான் தெரிந்தது.

"நானும் குடிச்சன் டொக்டர். எனக்கும் போனது. ஆனா எனக்கு முன்னம் வயித்தோட்டம் இருக்கல்ல."

"வயசானாப் பிறகு நிறையப் பேருக்கு அந்த நொதியம் குறையும். எனக்கும் பால் சரிவராது" என்று சிரித்தார். "தயிர் சாப்பிடுவன். மட்டக்களப்புத் தயிர் நல்லம்தானே. பிள்ளைக்கும் கஞ்சி குடுங்க, தயிர் கொஞ்சம் கொஞ்சம் குடுங்க. நுனி திரும்ப வளரும்."

நான்காம் நாள் முகாமுக்குத் திரும்பினோம். அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தாளையும் காட்டினேன். அவர் தாளைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார்.

"போகக்குள்ள ஒரு கதை, வரக்குள்ள ஒரு கதை. ஆர் டீச்சர் உங்களோட கதைச்சது?"

"டொக்டர்தான்."

"சிங்கள டொக்டரா?"

"ஓம்."

"அப்ப சரி" என்று எழும்பிப் போய்விட்டார். அன்று பின்னேரமே நான் நடந்து வருவதைக் கண்டு கதையை நிறுத்திய பெண்கள் இரண்டு பேர். தண்ணீர் வரிசையில் எனக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் இடம் விட்டு நின்றார்கள். முன்பு நானும் அந்தப் பெண்ணை இப்படித்தான் பார்த்தேன் என்று விளங்கியது. விளங்கியதால் வலி குறையவில்லை.

முகாமின் மறுகோடியில் ஒரு பட்டிக்காரரும் மனைவியும் இருந்தார்கள். நாற்பது எருமைகளை வடமுனைப் பக்கம் காட்டில் விட்டுவிட்டு வந்தவர்கள். அந்த அம்மாவிடம் போய், பால்மாவில் தயிர் போட முடியுமா என்று கேட்டேன்.

"ஏன் ஏலா? கொஞ்சம் தடிப்பாக் கரைக்கோணும். உறைக்கு ஒரு கரண்டி தயிர் வேணும், அத ஏறாவூரால வாற தயிர் யாவாரி காக்காட்ட வாங்கலாம். சட்டியும் வாங்கலாம். பால்மாவுக்கு எங்க போற?"

எங்கள் பேணியில் மிஞ்சியது ஒரு சட்டிக்கும் போதாது. பால்மா இருந்த இடம் ஒன்றுதான். ஒரு சைக்கிளை இரவல் வாங்கி, அந்தப் பெண்ணின் வீட்டை விசாரித்துக்கொண்டு போனேன். கடலுக்கும் வாவிக்கும் நடுவே, சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த சிறிய வீடு. அவள் வாசலில் நின்று நான் சொன்னதெல்லாவற்றையும் கேட்டாள். உள்ளே வரச் சொல்லவில்லை.

"இப்ப பால்மா வேணும் எண்டுதான் வந்தீங்களா டீச்சர்?"

"அதுக்கும்தான் வந்தன். நான் செஞ்சது பிழை எண்டு சொல்லவும் வந்தன்."

"அந்தக்கா கிடாரத்தச் சரிச்சதுக்கு எனக்குக் கோபமில்ல. அவவுக்குத் தெரியாது. நீங்க படிச்ச ஆள். நீங்கதான் பேணிய நீட்டின."

அவள் உள்ளே போய் அரை மூட்டைப் பால்மாவைத் தூக்கி வந்து சைக்கிளில் கட்டித் தந்தாள். முகாமுக்கு வர மறுத்துவிட்டாள்.

பட்டிக்கார அம்மா முதல் சட்டியை உறையவைத்தார். எருமைத் தயிரின் கனம் அதற்கு இல்லை. ஆனால் கரண்டி போட்டால் வெட்டுப்பட்டு நின்றது. எல்லாரும் பார்க்கத்தக்கதாக, பாடசாலை வாசலில் வைத்து மகளுக்கு நான்கு கரண்டி ஊட்டினேன். நிறமும் தாளும் என்ன சொன்னாலும் அவளுடைய வயிற்றை அன்று பின்னேரம் வரை பத்து முறையாவது தட்டிப் பார்த்திருப்பேன். வயிறு மெத்தென்றே இருந்தது. அடுத்த நாள் எட்டுக் கரண்டி. ஒரு கிழமைக்குள் கஞ்சியும் தயிரும் கேட்டு அழத் தொடங்கினாள். அந்த அழுகையைப் போல ஒரு நல்ல சத்தத்தை நான் அந்த வருடம் கேட்கவில்லை.

முதலில் ஒரு தாய் கோப்பையோடு வந்தாள். பிறகு இன்னொருத்தி. அக்கா வரவில்லை. ஆனால் அவருடைய கடைசி மகன் மட்டும் தினமும் என் தறப்பாளடியில் வந்து நிற்பான். நான் ஊட்டுவேன். அவர் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உடுப்பு மடிப்பார். கூப்பிட்டுத் தடுத்ததில்லை.

சில மாதங்களில் எங்களை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். பஸ் ஏறுகிற அன்று அந்தப் பெண் வந்தாள். யன்னலடியில் நின்று என் மகளின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

"அண்டைக்கு நீங்க உண்மையாவே நஞ்செண்டு நம்பினீங்களா டீச்சர்? இல்லாட்டி மத்தாக்களுக்குப் பயந்து செஞ்சீங்களா?"

"நம்பினன் தங்கச்சி. முழுசா நம்பினன்."

அவள் மகளின் கன்னத்திலிருந்து கையை எடுத்தாள்.

"அப்ப பரவால்ல" என்றாள். "நம்பாமச் செஞ்சிருந்தாத்தான் எனக்குத் தாங்க ஏலாம இருந்திருக்கும்."

பஸ் வெளிக்கிட்டது. அதன் பிறகு நான் அவளைக் காணவில்லை. கொண்டுபோன மூன்று பேரில் ஒருவர் திரும்பி வந்தார். மற்ற இருவரின் வீட்டார் யுத்தம் முடிந்த பிறகும் விசாரித்துக்கொண்டு திரிந்தார்கள். கொக்கட்டிச்சோலை அக்காவை இடைக்கிடை சந்தையில் காண்பேன். பாசமாகக் கதைப்பார், மகளைப் பற்றி விசாரிப்பார். ஒரு தடவை நானாகவே அந்தப் பால்மாக் கதையை எடுத்தேன்.

"அதில ஒண்டும் இருக்கல்ல எண்டு நீங்க சொல்றீங்க டீச்சர்" என்றார். "நீங்க சொல்றீங்க."

அவருடைய பையில் இருந்து ஒரு பூசணிக்காய்த் துண்டை எடுத்து என் பைக்குள் வைத்தார். நான் வாங்கிக்கொண்டேன்.